பட்டணம் பார்த்த படலம்

ஊரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வருகிறவர்களை இப்போது வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம். பளபளவென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை; ஊர் மட்டும்தான் பக்கத்தில் இல்லை. 1983 கோடை விடுமுறையில் பெரியப்பா எங்களைக் கூட்டி வந்தபோது திருவள்ளுவர் பஸ் பாரிமுனையில் கொண்டுவந்து தள்ளியது. எட்டி நடை போட்டால் மூர் மார்க்கெட். அதை ஒட்டி மிருகக்காட்சி சாலை. பெரியப்பா வாயில் அது ‘உயிர் காலேஜ்’. 1985இல் வண்டலூரில் பெரிய பூங்கா திறந்து மிருகங்களுக்கு ஜாகை மாறிவிட்டது. மூர் மார்க்கெட்டும் அதே வருஷம் எரிந்துபோனது. துணையில்லாமல் தவித்த பஸ் ஸ்டாண்ட் 2002இல் கோயம்பேடு வரை போய்ப் பார்த்தது. அங்கும் மனசு ஒட்டவில்லை போலிருக்கிறது, கடைசியில் புலிக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போது பட்டணம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வேண்டும். லாட்ஜில் தங்குவது மானக்கேடு என்பது பெரியப்பாவின் கட்சி. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்த ஒரு சித்தப்பாவுக்கு ‘வருகிறோம்’ என்று கார்டு போட்டார். நாங்கள் போய் இறங்கிய மறுநாள் அந்தக் கார்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்த வருஷம் சென்னையில் குடத்துக்குக் குடம் சண்டை. லாரி சத்தம் கேட்டால் தெருவே ஓடும். சித்தி முகம் கோணாமல்தான் வரவேற்றாள். காலையில் பெரியம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, “அக்கா, எல்லாருக்கும் இதுதான். பிள்ளைகளைக் கடல்லயே ஒரு முழுக்குப் போட வச்சுக் கூட்டிட்டு வந்துருங்களேன்” என்றாள். உப்போடு திரும்பி வந்தவர்களுக்குக் கழுவ இன்னொரு வாளி எங்கே போவது என்று அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

இந்தத் தடவை மகன் போனிலேயே ரூம் போட்டுவிட்டான். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகவல் சொன்னேன். “என்ன அண்ணே, நம்ம வீடு இருக்கும்போது ரூமா?” என்று அவ்வளவு வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எல்.ஐ.சி. கட்டடத்துக்குத்தான் பெரியப்பா அரை நாள் ஒதுக்கியிருந்தார். 1959இல் கட்டி முடித்தது. மவுண்ட் ரோட்டில் அதற்கு நிகராக அப்போது எதுவும் கிடையாது. உள்ளே போக எங்களுக்கு வேலையில்லை, பாலிசியும் கிடையாது. எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை ஓரமாக எங்களை வரிசையாக நிறுத்தி, “ஏலே, கீழேருந்து எண்ணு. கை நீட்டாம எண்ணு, பட்டிக்காட்டான்னு நினைச்சிருவான்” என்றார். கழுத்தை மட்டும் நிமிர்த்தி எண்ணினோம். எனக்குப் பதினைந்து வந்தது. அண்ணனுக்குப் பதினாலு. “பதினாலு மாடின்னு ஊருக்கே தெரியும். தரையை ஏம்லே மாடின்னு எண்ணுத?” என்று எனக்கு ஒரு குட்டு விழுந்தது. நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்ததால் பெரியம்மாவுக்குக் கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. டீக்கடைக்காரர் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோடை விடுமுறை முழுக்க அவருக்கு இதே காட்சிதான் போலும்.

இப்போது அந்தக் கட்டடத்துக்குக் காலடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. எல்.ஐ.சி. என்றே ஒரு நிலையமும் உண்டு. குளுகுளு பெட்டியில் ஒரு பெண் குரல் அந்தப் பெயரைச் சொன்னதும் நான் அனிச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பேரனிடம், “மேலே பதினாலு மாடி இருக்கு” என்றேன். “நாம தங்கியிருக்கிறதே அதைவிட உயரம், தாத்தா” என்றான். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது.

எழும்பூர் மியூசியத்தில் அன்றைக்கு நாங்கள் திமிங்கல எலும்புக்கூட்டின் அடியிலேயே நின்றோம். செப்புத் திருமேனிகள் பக்கம் பெரியம்மா மட்டும் போனாள். திருவாலங்காட்டு நடராஜருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள், விபூதி கிடைக்காத குறையோடு வந்தாள். 1851இலிருந்து நடக்கும் மியூசியம் இப்போதும் இருக்கிறது. மருமகள் போட்டுவந்த பட்டியலில் அது இல்லை. பட்டியலில் பெரிய மால்கள் இருந்தன. அங்கிருந்த கடைகளில் பாதி எங்கள் ஊர் பைபாஸ் ரோட்டிலேயே இருக்கிறது. அதைச் சொன்னால், “இங்க வெரைட்டி அதிகம் மாமா” என்கிறாள். இருக்கலாம். அன்றைக்குப் பெரியப்பா மூர் மார்க்கெட்டில் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, காலுக்குக் கேட்டு, எதையும் வாங்காமல் வெற்றியோடு வெளியே வந்தார். மாலில் அதற்கும் வழியில்லை; விலையைத் துணியிலேயே தைத்து வைத்திருக்கிறார்கள்.

மெரினா மட்டும் இரண்டு பட்டியலிலும் உண்டு. அன்று அண்ணா சமாதி ஒன்றுதான். இன்று எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று அந்த மணலில் ஒரு அமைச்சரவையே கூடியிருக்கிறது. வாழும்போது ஒரே மேடையில் பார்க்க முடியாதவர்களை ஒரே நடையில் பார்த்துவிடலாம். ‘நம்ம சென்னை’ என்று ஆளுயரத்துக்கும் மேலே எழுத்து நிறுத்தியிருக்கும் இடத்தில் மகனும் மருமகளும் படமெடுக்க வரிசையில் நின்றார்கள். கடல் அதுபாட்டுக்கு ஒரு பக்கம் கிடந்தது.

நான் பேரனைக் கூட்டிக்கொண்டு எம்.ஜி.ஆர். சமாதிக்குப் போனேன். கல்லில் காதை வைத்து, அவர் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1987இலிருந்து சாவி கொடுக்க ஆளில்லாத கடிகாரம். பேரன் கையிலிருந்த வாட்ச் மத்தியானமே சார்ஜ் தீர்ந்து கறுத்துப்போயிருந்தது. அவனும் குனிந்து காதை வைத்தான்.

“கேக்குதாடா?”

“ஷ்ஷ்... ஓடுது தாத்தா.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். “தம்பி கேட்டாச்சுன்னா கொஞ்சம் நகரச் சொல்லுங்க சார். செங்கல்பட்டு டிரெய்னைப் பிடிக்கணும்.”