பிராந்தி வேண்டாம், ஹீட்டர் போதும்

கேள்வி: புதிதாக வாங்கித் தொட்டியில் விட்ட மோலி மீன்களைத் தொடர்ந்து, பழைய மீன்களின் மேலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பை உரசிக்கொண்டே இருக்கின்றன. டெட்ராசைக்ளின் போடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மூடி பிராந்தி ஊற்றச் சொல்கிறார்!
(வாசகர், தொரப்பள்ளி)

பதில்: 1937-லேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜி பிறந்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? பிராந்தியைப் பக்கத்து வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

இது 'இக்' என்னும் வெண்புள்ளி நோய். காரணம் ஒட்டுண்ணி, பாக்டீரியா அல்ல. டெட்ராசைக்ளின் அதை ஒன்றும் செய்யாது, தொட்டியின் நல்ல பாக்டீரியாவைத்தான் கெடுக்கும். ஒட்டுண்ணி புள்ளிக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை எட்டாது. உதிர்ந்து, அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும்போதுதான் மருந்து பிடிக்கும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் அதற்கு வாரக்கணக்காகும். ஹீட்டரால் மெல்ல மெல்ல 28 டிகிரிக்குக் கொண்டுபோனால் சில நாளில் வெளியே வந்துவிடும். காற்று பம்ப் ஓடட்டும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, மாலகைட் கிரீன் கலந்த மருந்தை அட்டையில் போட்ட அளவுப்படி விடுங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சில நாள் தொடருங்கள்.

இனி புது மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். கர்நாடக எல்லையில் குடியிருப்பவருக்குச் செக்போஸ்ட் பற்றி நான் சொல்ல வேண்டுமா?