மயிரிழைப் பணக்காரர்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பகுதிகளிலும் பரவலாகக் காணப்படும் மயிரிழைப் பணக்காரர் என்பவர், எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ அரசாங்கத்தில் கடமையாற்றி, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகளுக்கு மஹாபொல கேட்டு விண்ணப்பித்து, குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற பதிலின் மூலம் தாம் ஒரு செல்வந்தர் என்பதை முதன்முறையாக அறிந்துகொண்டவராவார். மஹாபொல எனப்படுவது, லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட நிதியம் பல்கலைக்கழக மாணவருக்கு வழங்கும் மாதாந்தப் புலமைப்பரிசில். அது கிடைக்காதோருக்கு அடுத்த படியாக உள்ளது பர்சரி. இரண்டுக்கும் வருமான எல்லை உண்டு. இரண்டையும் அவர் தாண்டியிருக்கிறார், அதுவும் மயிரிழையில்.

இவரை இனங்காண உதவும் தலையாய அடையாளம் சட்டைப்பையில் நான்காக மடிக்கப்பட்டிருக்கும் சம்பளச் சீட்டாகும். "கெம்பஸ் படிப்பு இலவசம்தானே, உங்களுக்கு என்ன கவலை?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்; கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் அர்ச்சனை வரிசையாக இருந்தாலும், குட்ஷெட் பஸ் நிலையத்தில் புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸின் மிதிபலகையாக இருந்தாலும், சீட்டு வெளியே வரும். "இங்க பாருங்க தம்பி" என்று தொடங்கி, அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்னும் மேல்வரிகளை ஒரே மூச்சில் கடந்து, கழிவுகள் தொடங்கும் இடத்தில் அவர் குரலைத் தாழ்த்துவார். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு; அக்ரஹார காப்புறுதி; சம்பளத்தை ஈடாக வைத்து அரச ஊழியர் பெறும் இடர் கடனின் தவணை, அதன் வட்டி; சித்திரைப் புத்தாண்டுக்கு வாங்கிய விழாக்கால முற்பணம்; தொழிற்சங்கச் சந்தா; ஈற்றில் முத்திரை வரி இருபத்தைந்து ரூபாய். அந்த இருபத்தைந்து ரூபாயில் விரலை ஊன்றி அவர் விடும் பெருமூச்சுக்குள் பஸ் போய்விடும். மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பது அரசாங்கம், மிச்சச் சம்பளத்தைப் பார்ப்பது அரிசிக்கடைக்காரர் என்பதே அவருடைய பொருளியற் கோட்பாடு; அதனை மறுப்பதற்கு இதுவரை எவரும் முன்வந்திலர், மறுத்தால் சீட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கப்படும் என்பதனால்.

இலவசம் என்பதும் பொய்யன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளைச் சமப்படுத்திக் கணிக்கப்படும் இசட் புள்ளியானது, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பஸ் தூரத்தில் வளர்ந்த மகளை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டது. விடுதியில் இடமில்லாத ஆண்டுகளில் போர்டிங் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, மடிக்கணினி, மாதமொரு பஸ் பயணம் ஆகியன இலவசத்தின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கா. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்ட செய்தியை அவர் பத்திரிகையில் இருமுறை வாசித்தார். தமக்குக் கிடைக்காத தொகை முன்பு ஐயாயிரமாக இருந்தது, இனி ஏழாயிரத்து ஐந்நூறு என்று கணக்கைத் திருத்திக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் அபிவிருத்தி லொத்தர் சபையின் சீட்டொன்றை வாங்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. அச்சபையின் வருவாயில் ஒரு பங்கு மஹாபொல நிதியத்துக்கே செல்கிறது என்பதை யாரோ எடுத்துச் சொன்ன பிறகு, விழாத ஒவ்வொரு சீட்டையும் ஊரார் பிள்ளைக்குக் கொடுத்த நன்கொடையாகவே அவர் பாவித்து வருகிறார்.

நகைப்புக்கு இடமில்லாத ஒன்றும் இதில் உண்டு. சம்பளக்காரரின் வருமானத்தை அவருடைய அலுவலகமே சதம் பிசகாமல் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு இரும்புக்கடை முதலாளியின் வருமானமோ, அவர் வாயால் சொன்னதைப் பெருமளவுக்கு நம்பியே கிராம உத்தியோகத்தரின் சான்றிதழில் ஏறுகிறது. வாசலில் இரண்டு வேன் நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு மஹாபொல கிடைத்து, இடர் கடனில் மடிக்கணினி வாங்கிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காமற் போவது, வறுமையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு காகிதத்தை மட்டும் அளக்கும் முறையின் குறைபாடாகும். இவ்வளவுக்கும் அந்த முதலாளியைப் பற்றி அவர் எங்கும் முறைப்பாடு செய்ததில்லை. சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே மகளின் கணக்குக்குப் பணத்தை மாற்றிவிட்டு, காணுமா என்று தொலைபேசியில் கேட்பதோடு அவருடைய போராட்டம் முடிந்துவிடும். காணும் என்றே மகளும் சொல்வாள்.

தற்போது அவருடைய கவனம் உயர்தரம் எழுதவிருக்கும் இளைய மகன்மீது திரும்பியுள்ளது. அறுபது வயதில் ஓய்வுபெற்றால் சம்பளம் ஓய்வூதியமாகச் சுருங்கி, குடும்பம் வரம்புக்குள் இறங்கிவிடும் என்று கணித்துள்ள அவர், உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்ற விதியையும் அக்கணக்கில் சேர்த்துப் பார்த்து, பையன் முதல் தடவையிலேயே சித்தியடைந்துவிட்டால் தமது ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு எஞ்சியிருக்கும் என்ற முடிவுக்கு வந்துள்ளார். இதனை அவர் வீட்டில் இன்னும் வெளியிடவில்லை.