ஊருக்கு வெளியே ஒரு மாளிகை

கேள்வி: இங்கிலாந்துக்காரர்கள் வார இறுதியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய மாளிகை, தொல்லிடம் எல்லாம் பார்க்கிறார்களாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே?
- ஒரு வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: வாசலில் வைத்துக்கொண்டு வானத்தைத் தேடுகிறீர்களே! உங்கள் ஊரிலேயே, கரும்பில் பணம் பார்த்த கீ லாய் ஹுவாட் குடும்பத்தாரின் முன்னோர் மண்டபம் இருக்கிறது. தொல்லிடமா? புக்கிட் மெர்தாஜாம் பக்கம் செரோக் தோக்குன் போங்கள். 1845-இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த பழங்காலப் பாறைக் கல்வெட்டு, புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் வெயில் காய்கிறது.

அசல் இங்கிலீஷ் மாளிகைதான் வேண்டுமென்றால், நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் 99 கதவு மாளிகை. 1948-இல் ஜான் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னும் ஆவி உலாவுகிறதாம். 99 கதவு இருந்தும் வெளியேறத் தெரியாத ஆவிக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

நான் பயப்படுவது கணக்குக்குத்தான்: துரைக்கு 99 கதவு, கரும்பும் ரப்பரும் வளர்த்த நம் பாட்டன் பாட்டிக்கு லயத்தில் ஒரே கதவு. அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை!