கரடி விட்டது, நுளம்பு பிடித்தது

லண்டன் மச்சாள் சொக்லேட் கொண்டு வருவா என்று வீடே காத்திருந்தது. அவ கொண்டு வந்தது ஆயிரம் துண்டு ஜிக்சோ. பெட்டி மேலே படம்: பனிக்கட்டி மீது ஒரு பொடியன், துவக்கைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிக்கட்டையால் ஒரு வெள்ளைக் கரடிக்குப் போட ஓங்கிக்கொண்டு நிற்கிறான்.

"இது நெல்சன், பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியானவர். உங்கட ஊருக்கும் வந்தவராமே?" என்றா.

திருகோணமலையில் பிறந்துவிட்டு அந்த ஆளைத் தெரியாது என்று சொல்ல முடியுமா? உலகத்திலேயே திறமான துறைமுகம் இதுதான் என்று நெல்சன் சொன்னதாக ஓட்டோக்காரர் தொடக்கம் ஹோட்டல் முதலாளி வரை வந்தவருக்கெல்லாம் சொல்கிறோம். எப்போது, யாரிடம் சொன்னார் என்று எவராவது கிண்டினால், பிளேன்ரீ குடிக்கிறீங்களா என்று கதையை மாற்றிவிடுவோம்.

பெட்டிப் படத்தில் இருக்கும் துருவக் கதை 1773இல் நடந்தது. வட துருவத்தின் வழியே கிழக்குக்குக் குறுக்குப் பாதை கிடைக்குமா என்று பார்க்க பிரிட்டிஷ் கடற்படை ரேஸ்ஹோர்ஸ், கார்க்கஸ் என்று இரண்டு கப்பல்களை அனுப்பியது. எங்கள் ஆட்கள் வள்ளத்துக்குச் சாமியின் பெயர் வைப்பார்கள், மகளின் பெயர் வைப்பார்கள். கார்க்கஸ் என்பது ஒரு வகைத் தீக்குண்டின் பெயராம். ஆனால் சாதாரண ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் செத்த உடல். அதில் ஏறித்தான் துருவத்துக்குப் போனார்கள். தலைவர் கொன்ஸ்டன்டைன் பிப்ஸ். (1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயத் தளபதியும் ஒரு கொன்ஸ்டன்டீனுதான். அந்தப் பெயர் எங்களுக்கு ராசியில்லை.)

அந்தப் பயணத்தில் பொடியளுக்கு இடமில்லை, அவர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது கட்டளை. நெல்சனுக்கு வயது 14. ஆனால் தாய்மாமன் மோரிஸ் சக்ளிங் கடற்படைக் கப்டன். பொடியனுக்குக் கார்க்கஸ் கப்பலில் இடம் கிடைத்தது.

"மாமா எண்டா அப்பிடி இருக்கோணும்," என்று அக்காவின் மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கப்பல்கள் ஸ்பிட்ஸ்பேர்கனுக்கு வடக்கே பனிக்குள் இறுகி நின்றன. ஓர் இரவு நெல்சனும் ஒரு கூட்டாளியும் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்கள். விடியப்புறம் புகார் கலைய, தூரத்தில் கரடியும் பொடியனும். கப்பலிலிருந்து திரும்பி வா என்று சைகை காட்டினார்கள். கூட்டாளி வா என்றான். இவன் கேட்கவில்லை. துவக்கு புஸ்ஸென்று போனது. பரவாயில்லை, அடிக்கட்டையால் போடுகிறேன் என்று நின்றானாம். நடுவில் பனி பிளந்து ஓர் இடைவெளி கிடந்ததால்தான் இன்றைக்கு லண்டனில் நெல்சன் தூண் இருக்கிறது. கார்க்கஸ் கப்டன் லட்விட்ஜ் பீரங்கி ஒன்றை வெடிக்க வைத்தார். கரடி போய்விட்டது. ஏனடா போனாய் என்று கேட்டதற்கு, அப்பாவுக்குத் தோல் கொண்டுபோக ஆசைப்பட்டேன் என்றானாம். அப்பா நோர்போக் கிராமத்துப் பாதிரியார். கரடித்தோல் வேண்டுமென்று அவர் கேட்டதாக எங்கும் இல்லை.

கப்பலின் குறிப்பேட்டில் இவ்வளவு சங்கதி இல்லை. கரடி வந்தது, ஆட்கள் கிட்டப் போகப் போய்விட்டது, முடிந்தது. வீரம் எல்லாம் ஆள் பெரியாளான பிறகு லட்விட்ஜ் சொன்ன கதையில்தான் வருகிறது. ஓவியர் ரிச்சர்ட் வெஸ்டால் இந்தப் படத்தைக் கீறியதோ 1809இல். சம்பவம் நடந்து 36 வருடம், நெல்சன் செத்து நாலு வருடம்.

அதே பயணத்தில் ரேஸ்ஹோர்ஸில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒலாடா எக்கியானோவும் இருந்தார். தீப்பற்றும் சாமான் குவிந்த சின்ன அறைக்குள் மெழுகுதிரி வைத்து நாட்குறிப்பு எழுதப் போய், கப்பலையே கொளுத்தப் பார்த்தவர். என்னைக் கேட்டால் ஜிக்சோவுக்கு அதுதான் திறமான காட்சி. கரடிக்கும் குறையில்லை: 1774இல் வந்த பிப்ஸின் நூலில்தான் பனிக்கரடி தனி இனம் என்று விஞ்ஞானப் பெயர் பெற்றது.

நாங்கள் உட்துறைமுக வீதி வீட்டு விறாந்தையில் பாய் விரித்து வேலையைத் தொடங்கினோம். ஆயிரத்தில் முக்கால்வாசி வெள்ளை. பனியை நாங்கள் கண்டது மீன் பெட்டியில் மட்டும்தான். வியர்த்த விரலில் துருவம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வந்தது. கரடியின் வயிற்றைப் பொருத்திவிட்டோம் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம், அது மேகம்.

துருவ வழி அடைபட்டிருந்ததால் நெல்சன் அதே வருடக் கடைசியில் ஸீஹோர்ஸ் கப்பலேறி, ஆபிரிக்காவைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். 1775 வாக்கில் திருகோணமலை. அப்போது இது ஒல்லாந்தரின் ஊர். அந்த வருடக் கடைசியில் காய்ச்சல் அவரைப் போட்டு முறித்தது. மலேரியா என்கிறார்கள். கரடியால் முடியாததை ஒரு நுளம்பு சத்தமில்லாமல் முடித்தது. எங்கள் நுளம்பா, வேறு ஊர் நுளம்பா என்பதில் நான் ஊர்ப்பற்றோடு ஒரு முடிவு வைத்திருக்கிறேன். நுளம்புதான் குற்றவாளி என்று ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் பிடித்தது 1897இல். கரடிக்குக் கிடைத்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

1776இல் எலும்பும் தோலுமாக டொல்பின் கப்பலில் ஊர் திரும்பும்போது மனம் விட்டுப்போய்க் கிடந்தவருக்குத் திடீரென்று ஓர் ஒளி தெரிந்ததாம், இனி நான் வீரன் என்று முடிவெடுத்தாராம். ஆக, வீரனாக்கியது கரடி இல்லை, காய்ச்சல். அடுத்த வருடம் லெப்டினன்ட் சோதனை. கேள்வி கேட்கும் சபைக்குத் தலைவர் யார்? மாமா சக்ளிங். சித்தி.

பன்னிரண்டாம் நாள் கடைசித் துண்டு வரை வந்தோம். கடைசித் துண்டு இல்லை. பாயை உதறினோம், பெட்டியைக் கவிழ்த்தோம், பூனையைச் சந்தேகித்தோம். நெல்சனின் வலது முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் பாய் தெரிந்தது.

"சரிதானே," என்றா மச்சாள். "1797இல டெனரீஃபில அந்தக் கைதானே போனது."

மருமகனுக்கு அது சரிவரவில்லை. குசினிக்குள் போய் நுளம்புச்சுருள் மட்டைப் பெட்டியை எடுத்து வந்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டிப் பொருத்தினான். பெட்டியில் இருந்த நுளம்புப் படம் முழுசாக அந்தத் துண்டில் வந்துவிட்டது. இப்போது விறாந்தைச் சுவரில், கரடியை முறைத்துக்கொண்டு நிற்கும் நெல்சனின் கையில் அது குந்தியிருக்கிறது.