கம்பி மேல கோவிக்காத தாயி

ஏ தாயி, டீன் வின்செஸ்டர் செத்துட்டான்னு இன்னமும் மூக்கை உறிஞ்சிக்கிட்டுத் திரியுறியாமே. உங்கம்மா சொன்னா. துக்கம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். உக்காரு.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். இது அவனுக்கு எத்தனாவது சாவு? 'சூப்பர்நேச்சுரல்' டிவித் தொடரோட மூணாவது சீசன்ல 'மிஸ்டரி ஸ்பாட்'னு ஒரு கதை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒரே செவ்வாக்கிழமை திரும்பத் திரும்ப விடியும். விடிஞ்சா இவன் செத்தாகணும். துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தான், காரு மோதிச் செத்தான், குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்து செத்தான், சாசேஜ் துண்டு தொண்டையில அடைச்சுச் செத்தான். நூறு செவ்வாய்க்கு மேல ஓடுச்சு அந்தக் கூத்து. அன்னைக்கு நீ உருண்டு உருண்டு சிரிச்ச. அப்புறம் நரகத்துக்கே போனான், திரும்பி வந்தான். பதினஞ்சு சீசனா சாவைச் சந்தைக்குப் போயிட்டு வாற மாதிரி காட்டிப்புட்டு, கடைசி நாள்ல 'இது மட்டும் நெசச் சாவு, அழு'ன்னா எங்கிட்டிருந்து வரும் அழுகை? உனக்கு வந்துருச்சு. நல்ல மனசு.

எனக்கு எப்புடித் தெரியும்னு மொறைக்காத. நான் எங்க பார்த்தேன்? கட்டில்ல கண்ணை மூடித்தான் கெடந்தேன். நீதான் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்ன. நிறுத்தாத நேரத்துல கண்ணு தானாத் தொறந்துக்கிச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?

சரி, வழக்குக்கு வருவோம். 2020 நவம்பர் 19. எபிசோடு பேரு 'கேரி ஆன்'. 327-ல கடைசி. பேயி, பிசாசு, லூசிபரு, கடைசியில கடவுளு, அம்புட்டுப் பேரையும் மல்லுக்கட்டி ஜெயிச்சவன், ஒரு வைக்கப்போர்க் கொட்டாயில ரத்தக்காட்டேரிகளோட சண்டை போடுறப்ப, தூணுல நீட்டிக்கிட்டு இருந்த இரும்புக் கம்பி முதுகுல ஏறிச் செத்துப்போறான். அதுவும் சட்டுனு சாகலை. கம்பியில மாட்டிக்கிட்டே தம்பிகிட்ட பேசுறான், பேசுறான், பேசிக்கிட்டே இருக்கான். அந்த நேரத்துக்கு ஒரு வைத்தியரைக் கூட்டியாந்திருக்கலாம்.

நீ என்ன சொல்ற? 'இம்புட்டுப் பெரிய வீரனுக்கு ஒரு துருப்பிடிச்ச கம்பியா'ங்கிற. அங்கதான் தாயி நீ தப்பு. கண்ண பரமாத்மா எப்புடிப் போனாரு? மரத்தடியில சாஞ்சிருக்கையில ஒரு வேடன் மானுன்னு நினைச்சுக் காலுல அம்பு விட்டான், போயிட்டாரு. அதுவும் துக்குனூண்டு இரும்புதான். ஆனா அந்த இரும்பு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு பாரு. யாதவப் பயலுக சாம்பனுக்குப் பொம்பளை வேசம் கட்டி முனிவர்களைக் கேலி பண்ணப் போயி, 'இதுக்கு உலக்கைதான் பொறக்கும்'னு சாபம் வாங்கி, பொறந்த உலக்கையை அரைச்சுக் கடல்ல கொட்டி, மிஞ்சின துண்டை மீனு முழுங்கி, அது வேடன் கையில அம்பு முனையா வந்து சேந்துச்சு. சின்ன இரும்புதான், ஆனா அதுக்குப் பின்னால ஒரு குலத்தோட திமிரு பூராம் நிக்குது. உங்காளு முதுகுல ஏறுன கம்பிக்குப் பின்னால என்ன இருக்கு? தூணு இருக்கு.

சின்னப் பொருளுக்குப் பின்னால ஒரு கதையை நிறுத்துற இந்த வித்தை, தொடர் எடுத்தவுகளுக்குத் தெரியாததுன்னு நினைக்காத. எரிக் கிரிப்கி 2005-ல 'சூப்பர்நேச்சுரல்' கதையைத் தொடங்குறப்பவே அஞ்சு வருசத்துல முடிக்கணும்னுதான் நினைச்சாரு. அதுப்படியே 2010 மே மாசம் 'ஸ்வான் சாங்'னு ஒண்ணு வந்துச்சு. லூசிபரு, தம்பி சாமோட ஒடம்புல புகுந்துக்கிட்டு டீனை அடிச்சுக் கொல்லப் போற நேரம். சாமோட கண்ணு எதுல படுது? சின்னப் புள்ளையில அந்தக் கருப்பு இம்பாலா காரோட சாம்பல் கிண்ணத்துல திணிச்சு வச்ச ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மையில. பழைய நெனப்பெல்லாம் திரும்புது, உள்ள இருக்கிற சாத்தானை அடக்குறான். உலகத்தைக் காப்பாத்துனது ஒரு பொம்மை. அது இருக்கிறதை முன்னாடியே நம்ம கண்ணுல காட்டி வச்சிருந்தாங்க. கிரிப்கி அதோட பொறுப்பை வேற ஆளுககிட்ட குடுத்துட்டு நகந்துக்கிட்டாரு. சேனல்காரன் இன்னும் பத்து சீசன் ஓட்டுனான். பாக்க ஆளு இருந்துச்சு, நீயும்தான் இருந்த.

டீனா நடிச்ச ஜென்சன் ஆக்கிள்ஸுக்கே முடிவைக் கேட்டதும் மனசு ஒப்பலையாம். கிரிப்கிக்குப் போன் போட்டுப் பேசித்தான் சமாதானம் ஆயிருக்காரு. நீ அழுததுல ஞாயம் இருக்குன்னுதான் இதைச் சொல்றேன்.

கொரோனா மேலயும் கொஞ்சம் பழி இருக்கு. ரெண்டே எபிசோடு பாக்கி இருக்கையில 2020 மார்ச்சுல படப்பிடிப்பு நின்னுபோச்சு. ஆகஸ்டுல திரும்பப் போனா கூட்டம் கூட்ட வழியில்லை. டீனு செத்துப் போய்ச் சேர்ற மேலோகத்துல பழைய சனத்தை எல்லாம் நிறுத்தணும்னு போட்டிருந்த திட்டம் காத்தோட போச்சு. அண்ணன் தம்பிக்கு அப்பன் மாதிரி இருந்த பாபி மாமா மட்டும் ஒத்தை நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தாரு.

ஆனா காஸ்டியல் விசயத்துக்குக் கொரோனாவைச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2008-ல டீனை நரகத்துலருந்து தூக்கியாந்த தேவதூதன் அவன். கடைசிக்கு ரெண்டு எபிசோடு முன்னாடி, மனசுல இருந்த காதலை டீனுகிட்டச் சொல்லிப்புட்டு ஒரு பெரிய இருட்டுக்குள்ள போய் மறைஞ்சுட்டான். அதுக்குப் பதிலு வேணாமா? கடைசி எபிசோடுல பாபி போற போக்குல அவன் பேரைச் சொல்றாரு, டீனு ஒரு சிரிப்பு சிரிக்கிறான். முடிஞ்சுது கணக்கு. ஆளை வரவைக்க முடியலைன்னா ரெண்டு வார்த்தை கூடுதலா எழுதுறதுக்கு எந்த ஊர்லயும் ஊரடங்கு போடலையே.

எழுத்துன்னதும் இன்னொண்ணு. அவுக கதையில கடவுளே ஒரு எழுத்தாளன். சக்குன்னு பேரு. 'எங்க வாழ்க்கையை இவன் எழுதக் கூடாது, நாங்களே வாழ்ந்துக்கிறோம்'னு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, முந்தின வாரந்தான் அவன் சக்தியைப் புடுங்க வச்சாங்க. அடுத்த வாரமே கம்பி. எழுதுறவனைத் தொரத்திவிட்டா எழுத்து இப்புடித்தான் இருக்கும்.

அதனால தாயி, கோவத்தைப் பிரிச்சு வை. கம்பி மேல வேணாம். கொரோனா மேல பாதி போதும். காஸ்டியலுக்காக முழுசாக் கோவிச்சுக்க. வேற என்ன செய்யன்னு கேட்டா, இன்னைக்கு ராத்திரி அந்த 'ஸ்வான் சாங்'கைப் போடு. நான் கட்டில்ல கண்ணை மூடித்தான் கெடப்பேன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை.

ஒண்ணு மட்டும் மிச்சம். தம்பி சாமுக்கு வயசாயிருச்சுன்னு காட்ட நரைமுடி டோப்பா ஒண்ணை மாட்டி விட்டாங்களே, அதுக்குக் கொரோனாவும் காரணமில்லை, கடவுளும் காரணமில்லை. அதுக்கு மன்னிப்பே கெடையாது.