அடி பார்க்கும் ஜோசியக்காரி

கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்களை நம் வீட்டுப் பெண்கள் தலையிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். பூ, தோடு, அட்டிகை, புடவையின் பார்டர் என்று படிப்படியாக இறங்கி மெட்டியில் வந்து நிற்பார்கள். என் அக்கா மகள் காலில் தொடங்குவாள். அதற்கு மேலே வரவே மாட்டாள். மண்டப வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புக் குவியலை ஒரு நோட்டம் விட்டு, "உள்ளே ஓடுற ஆள் ஒருத்தர் இருக்கார் மாமா. வலது குதிகால் வெளிப்பக்கம் தேயுது, முட்டி வலி வரும்" என்பாள். முகூர்த்தத்தை விட்டுவிட்டு அந்த ஆளைத் தேடுவாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நானூறு மீட்டர் ஓடுகிறாள். இவளைத் தனி ஒருத்தி என்று நினைத்துவிட வேண்டாம், இது ஓர் இனம். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஓடிக்கொண்டும், காலை ஒன்பதரைக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டும் இருக்கும். மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது, பையில் மூன்று ஜோடி சாக்ஸ் இருக்கும். தோளில் ஒரு கிட் பேக், அதிலிருந்து வீசும் வாசனை. அந்த வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, பத்திரிகைக்கென்று சில மரபுகள் உண்டு.

இந்த இனத்துக்கு ரூபாய் என்ற நாணயம் கிடையாது. எல்லாமே ஜோடிக் கணக்குதான். தீபாவளிக்குப் பெரியப்பா கொடுத்த இரண்டாயிரம் 'அரை ஜோடி'. அத்தை வாங்கித் தந்த பட்டுப் பாவாடை தாவணி 'ரெண்டு ஜோடி வேஸ்ட்'. போன ஆண்டு என் அக்கா ஆசையாக அரைப் பவுன் மோதிரத்தைக் காட்டியபோது, இவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள். ஏதோ சுலோகம் சொல்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அது வகுத்தல் கணக்கு.

"நகை சேர்க்கிற வயசுல செருப்பு சேர்க்கிறாளேடா" என்று அக்கா என்னிடம் அழுவாள்.

"செருப்பு இல்லம்மா, ஸ்பைக்ஸ்" என்று உள்ளேயிருந்து திருத்தம் வரும்.

ஒருநாள் துணைக்கு என்னைப் பெரியமேட்டுக்கு இழுத்துப் போனாள். சென்னையில் பந்து, மட்டை, வலை, விசில் எது வேண்டுமென்றாலும் பெரியமேடுதான். ஒரு பக்கம் தோல் மண்டிகள், ஒரு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள், கூப்பிடு தூரத்தில் நேரு ஸ்டேடியம். நான் காலையிலேயே போய்விடலாம் என்றேன். "சாயங்காலம்தான் மாமா. பகல் முழுக்க நடந்தா பாதம் கொஞ்சம் ஊதும். ஊதின காலுக்குத்தான் ஷூ பார்க்கணும்" என்றாள். பெண் பார்க்கப் போவதற்குக்கூட நாங்கள் இவ்வளவு யோசித்து நேரம் குறித்ததில்லை.

கடைக்காரர் வரவேற்றார். "வாங்கம்மா, ஷட்டில் ஷூவா?"

"ஓடுறதுக்கு அண்ணே."

"வாக்கிங்கா?"

"ஓடுறதுக்கு."

அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு ஜோடி. "லேடீஸ்ல புது மாடல்." வேறு நிறம் கேட்டாள். இன்னொரு பெட்டி வந்தது. அதுவும் பஞ்சுமிட்டாய்தான், கொஞ்சம் வெயிலில் வைத்தது.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "பசங்க செக்‌ஷன்ல அஞ்சாம் நம்பர் இருக்கா?" என்றாள். பையன்களுக்கான ஐந்தாம் நம்பர் விலையும் குறைவு, நிறமும் கண்ணைக் குத்தாது. இதை இந்த இனம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ரகசியம் என்றே சொல்லலாம். ஒரே ஒரு சிக்கல் உண்டு. பொதுவாகப் பெண்களுக்கு முன்பாதத்தைப் பார்க்கக் குதிகால் ஒடுக்கம். ஆண் காலின் அச்சில் செய்த ஷூவில் குதிகால் வழுக்கும். அதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறாள். ஓட்ட ஷூவில் கணுக்காலருகே கூடுதலாக ஒரு ஓட்டை இருக்குமே, கம்பெனிக்காரன் தெரியாமல் போட்டுவிட்டான் என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தது? அதில் லேஸை நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம் செய்து, எதிர் லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினாள். குதிகால் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் பரிசோதனை. முதலில் ஷூவை உள்ளங்கையில் வைத்துத் தட்டான் பவுனைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தாள். "இது அதைவிட இருபது கிராம் ஜாஸ்தி."

"இருபது கிராம்ல என்னடி வந்துடப் போகுது?" என்றேன்.

"1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸ்ல பி.டி. உஷா மேடம் நானூறு மீட்டர் தடை ஓட்டத்துல எவ்வளவுல வெண்கலத்தை விட்டாங்க தெரியுமா? நூறுல ஒரு செகண்டு மாமா. நூறுல ஒண்ணு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைக்காரரிடமும் இல்லை. இருவரும் ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

பிறகு ஷூவை இரண்டாக மடக்கினாள். விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்கினால் நல்ல ஷூ, நடுவில் மடங்கினால் ஆகாதாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த, ஓடும்போது போடுகிற அதே பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் மெல்ல ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். கடைக்குள் குதித்தாள். மேலே தொங்கிய கூடைப்பந்துகள் ஆடின.

"அண்ணே, வெளியே ஒரு அம்பது மீட்டர் ஓடிப் பார்க்கட்டுமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தொழில் அனுபவம் அவர் முகத்தில் கோடு கோடாக ஓடியது. "தாராளமா ஓடும்மா" என்று சொல்லிவிட்டு, பின்னால் திரும்பிக் கடைப் பையனிடம், "தம்பி, நீயும் கூடவே போடா" என்றார்.

போனார்கள். இரண்டு நிமிஷத்தில் அவள் திரும்பி வந்து, லேஸை அவிழ்த்து, தண்ணீர் குடித்து, அடுத்த பெட்டியையும் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் பையன் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முதலாளியிடம் சாட்சி சொன்னான்: "அண்ணே... நல்ல ஷூதாண்ணே."

விலை நாலாயிரம். நான் வாயைப் பிளந்தேன். "ஒரு ஜோடி ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் வரைக்கும் உழைக்கும் மாமா. நான் எண்ணூறு ஓட்டிடுவேன். கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா. மெட்ராஸ்ல எந்த ஆட்டோக்காரர் வருவார்?" என்றாள். பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஷூவோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து டிராக்ஸ். இந்த இனம் டிராக்ஸ் வாங்குகிறபோது முதலில் பார்ப்பது துணியை அல்ல, பாக்கெட்டை. பெண்களுக்கான கால்சட்டைக்குப் பாக்கெட் வைத்தால் உலகம் அழிந்துவிடும் என்று யாரோ தையல்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாக்கெட் மாதிரி ஒரு தையல் இருக்கும், விரலை விட்டால் போகாது. அடுத்து, துணியைக் கையில் விரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாள். வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அலமாரிக்கே போய்விடும். அதில் தேறினால் ட்ரையல் ரூமுக்குள் போய், குனிந்து நிமிர்ந்து, உட்கார்ந்து எழுந்து ஒரு தேர்வு. மாடல் பெண்ணுக்கு இடுப்பில் கை வைத்து நின்றால் போதும். இவள் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் குனிய வேண்டும், பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியில் எடுப்பது எப்போதும் கறுப்பு. வீட்டில் இதற்கொரு சண்டை உண்டு. "மயில் கழுத்துக் கலர் இருக்கு, ராமர் பச்சை இருக்கு. எந்நேரமும் இழவு வீட்டுக்குப் போற மாதிரி கறுப்பு எதுக்குடி?" என்பாள் அக்கா. அவள் பதில் சொல்வதில்லை. மாதத்தில் சில நாட்களும் போட்டி அட்டவணையும் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொண்டு வருவதில்லை என்பது ஓடுகிற பெண்களுக்குத் தெரியும். உலகத்துக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. வெள்ளையைத் தவிர வேறெதையும் வாசலுக்குள் விடாத விம்பிள்டனே 2023-இல்தான், பெண்கள் உள்ளே கருநிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் அதே ஆண்டில் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. பெரியமேட்டில் இவளும் இவள் சிநேகிதிகளும் அந்தத் தீர்மானத்தை யாரிடமும் கேட்காமலேயே நிறைவேற்றி வைத்திருந்தார்கள்.

அடுத்ததாக, கணீரென்ற குரலில், "அண்ணே, ஸ்போர்ட்ஸ் பிரா ஹை இம்பாக்ட்ல இருக்கா?" என்றாள். எனக்கு அந்த நொடியில் கேரம் விளையாட்டின் மேல் அடக்கமுடியாத ஆர்வம் பிறந்தது. கடையின் மறுகோடிக்குப் போய்க் காய்களை எண்ணத் தொடங்கினேன். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. கடைக்காரரோ அதைக் கள்ளக்கடத்தல் சாமான்போல மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டார். அவள் மூன்றையும் பிரித்து வெளியே எடுத்துத் தையலைப் பார்த்தாள்.

"ஷூவுக்கு அடுத்தபடி இதுதான் மாமா முக்கியம். இதுல என்ன வெட்கம்?" என்று வழியில் பாடம் எடுத்தாள். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்டில், ஓட்டப் பழக்கமுள்ள லிசா லிண்டால் என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து, ஆண் வீரர்கள் அணியும் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்புகளை ஒன்றாகத் தைத்துத்தான் முதல் ஸ்போர்ட்ஸ் பிராவைச் செய்தார்களாம். அப்போதும் பையன்கள் செக்‌ஷனில்தான் போய் எடுத்திருக்கிறார்கள்!

பெரிய பெரிய கண்ணாடிக் கடைகளுக்கும் போவாள். டெகத்லானுக்குப் போனால் மூன்று மணி நேரம் சுற்றி ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வருவாள். கடையின் பெயர்மேல் அவளுக்கு ஒரு புகார். ஒலிம்பிக்கில் டெகத்லான் என்பது ஆண்களுக்கான பத்துப் போட்டி. பெண்களுக்கு ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லான்தான். "பெயர்ப்பலகையிலேயே மூணு குறைச்சுட்டாங்க, அப்புறம் பாக்கெட் எப்படி வைப்பாங்க?" என்பாள். அந்த ஹெப்டத்லானில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர் ஸ்வப்னா பர்மன். அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். எந்தக் கடை ஷூவும் அவர் காலுக்குச் செய்ததில்லை. விரல்களை நெருக்கிக்கொண்டே வலியோடு ஓடி ஜெயித்தார். அளவெடுத்துச் செய்த காலணி வந்தது தங்கத்துக்குப் பிறகுதான்.

இவளுடைய சாமி அறையில் இன்னொருவரும் உண்டு: ஹிமா தாஸ். இவள் ஓடும் அதே நானூறு மீட்டரில், 2018-இல் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் தங்கம் வாங்கியவர். ஆரம்ப காலத்தில் சாதாரண ஷூவில் தானே பேனாவால் 'அடிடாஸ்' என்று எழுதிக்கொண்டு ஓடினாராம். பிற்பாடு அதே கம்பெனி ஷூவில் அவர் பெயரையே பொறித்துக் கொடுத்தது. இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் பேனாக்கள் காணாமல் போகின்றன.

ஆனாலும் பிராண்டு மயக்கம் முழுசாக விட்டுவிடவில்லை. திருப்பூர்க் காதர்பேட்டையிலிருந்து வந்த எக்ஸ்போர்ட் மிச்ச டி-ஷர்ட்டில் லேபிள் பாதி வெட்டப்பட்டிருந்தால், மீதிப் பாதியிலிருந்து கம்பெனியின் பெயரைக் கல்வெட்டு ஆய்வாளர்போலப் படித்துவிடுவாள். காலேஜ் டீமுக்கு ஜெர்ஸி அடிப்பதும் திருப்பூரில்தான். அப்போது நடப்பது மகாபாரதம். பி.டி. சார் "வளர்ற பிள்ளைங்க" என்று எல்லோருக்கும் 'எல்' சைஸ் சொல்லிவிடுவார். காற்றடித்தால் பாய்மரக் கப்பல் அணிவகுத்ததுபோல் இருக்கும். நம்பருக்கோ குடுமிப்பிடி. பதினெட்டுக்கு ஐந்து பேர். கடைசியில் சீட்டுக் குலுக்கி இவளுக்குக் கிடைத்தது. "கோலி நம்பராம்!" என்று அவள் அப்பா ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அது ஸ்மிருதி மந்தானாவின் நம்பர் என்று அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது?

பழைய ஷூவைத் தூக்கி எறிவதும் கிடையாது. ஸ்பைக்ஸ் ஆணி தேய்ந்தால் சாவி போட்டுக் கழற்றி வேறு ஆணி மாற்றுவாள். கால் வளர்ந்தால் ஷூ ஜூனியருக்குப் போகும், அவளிடமிருந்து அவள் ஜூனியருக்கு. இவள் முதன்முதலில் மாவட்டப் போட்டியில் ஜெயித்த ஷூ இப்போது நாலாவது கையில், அதாவது நாலாவது காலில், ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாக மூன்று இனிஷியல்கள். நாலாவது பெண் ஜெயித்த அன்று இவள் தானே ஜெயித்ததுபோல ஊருக்கெல்லாம் போன் செய்தாள். மோதிரத்தை யாரும் இப்படி வழிவழியாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை, பீரோவில்தான் வைப்பார்கள்.

அன்று பெரியமேட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பு ஸ்டாண்டு. நான் தடுப்பதற்குள் என் வாக்கிங் ஷூவை எடுத்துக் கவிழ்த்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை இருக்கிறது, தினம் நட என்று டாக்டர் சொன்ன சூட்டில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியது. அடியில் விலை ஸ்டிக்கர் அழியாமல் பளபளத்தது.

"இதைப் போட்டுக்கிட்டு எங்கெல்லாம் போயிருக்கீங்க மாமா?"

யோசித்தேன். "தெருமுனை பேக்கரிக்கு ஒரு நாலஞ்சு தடவை."

அவள் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள்.

"மொத்தம் ரெண்டு கிலோமீட்டர்னே வைங்க. கிலோமீட்டருக்கு ஆயிரத்து எழுநூத்து அம்பது ரூபா" என்று சொல்லி ஷூவைப் பதமாக இருந்த இடத்திலேயே வைத்தாள். "பேசாம பேக்கரிக்கு ஃப்ளைட்லயே போயிருக்கலாம் மாமா."