சம்பளம் இல்லாத விண்வெளி

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் மனிதர்களுக்குப் பணமே கிடையாதாமே! அப்புறம் ஏன் எல்லாரும் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள்?

பதில்: கதாசிரியர்கள் வரச் சொல்கிறார்கள், வருகிறார்கள்! சோற்றுக்குக் கவலையில்லை. கேப்டன் பிக்கார்ட் சுவரைப் பார்த்துக் கேட்டால் போதும், ரெப்ளிகேட்டர் என்ற நகலெடுக்கும் மிஷின் ஆவி பறக்க ஏர்ல் கிரே டீ கொடுத்துவிடும். ஆனால் பிக்கார்ட் குடும்பத்துக்குப் பிரான்ஸில் பரம்பரைத் திராட்சைத் தோட்டம் இருக்கிறதே, அதை எந்த மிஷின் நகலெடுக்கும்? பட்டா யார் பெயரில் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேப்டன் சிஸ்கோவின் அப்பா நியூ ஆர்லியன்ஸில் ஹோட்டல் நடத்துகிறார். சமைக்கும் ஆசை புரிகிறது. சம்பளமில்லாமல் மேஜை துடைக்கவும் ஆள் வருவதுதான் அசல் அறிவியல் புனைவு.

1997இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ எபிசோட் ஒன்றைத் தேடிப் பாருங்கள். சிஸ்கோவின் மகன் ஜேக், 1951ஆம் வருட வில்லி மேஸ் பேஸ்பால் அட்டையை அப்பாவுக்காக ஏலத்தில் எடுக்க நினைக்கிறான். கையில் காலணா இல்லை. பணத்தைக் கடந்துவிட்ட மனித குலத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே நண்பன் நாக்கின் சேமிப்புக்கு அடிபோடுகிறான். நாக், லாபமே தெய்வம் என்று வாழும் ஃபெரெங்கி இனத்தவன். அவன் வைத்திருப்பதோ ரெப்ளிகேட்டரால் செய்ய முடியாத லாட்டினம் என்ற பணம். பணம் வேண்டாதவனுக்கு என் பணம் எதற்கு என்று மடக்குகிறான். ஆனாலும் முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுக்கிறான்.

உபதேசம் செய்தவனைவிட உண்டியலைத் திறந்தவனுக்கே என் ஓட்டு.